சாவி யாரிடம் இருந்தது?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சங்கிலி கிடக்கிறது. மாடு கட்டிய சங்கிலி. அதன் கடைசிக் கண்ணியில் ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்குகிறது. போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது அதை இறக்கிப் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்துப் பார்த்தேன். 2 கிலோ 400 கிராம் காட்டியது. "இரும்புக்குப் போட்டுரலாமாக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா சொன்னார்: "அது போடுறதுக்கு இல்ல."

1992 முதல் 11 ஆண்டுகள் அந்தச் சங்கிலியையும் பூட்டையும் அம்மா தன் சைக்கிள் கேரியரில் வைத்துச் சுமந்திருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து 5 கிலோமீட்டர் தள்ளியிருந்த பால்வாடியில் அவருக்கு ஆயா வேலை. போக 5, வர 5. சைக்கிளே 20 கிலோவுக்குக் குறையாது. அதற்கு மேல் இந்த இரண்டரைக் கிலோ இரும்பு எதற்கு என்று ஊரில் பலர் கேட்டார்கள். நானும் கேட்டிருக்கிறேன். கல்லிலும் பள்ளத்திலும் சைக்கிள் ஏறி இறங்கும்போதெல்லாம் சங்கிலி குலுங்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அம்மா வருவது தெருவுக்குத் தெரியும். என் தோழிகளுக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சைக்கிளை நிறுத்திப் பூட்டிய கதையை நான் எழுதிப் பார்க்கிறேன்.

ஓடிய சைக்கிள்கள்

எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக 1990 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அந்த அலை அடுத்த ஆண்டே புதுக்கோட்டைக்கு வந்தது. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். கற்க வந்தவர்களிலும் கற்பிக்க வந்தவர்களிலும் பெண்கள் நிறைந்திருந்தார்கள். வயல்வேலையும் கல்குவாரி வேலையும் முடிந்த பிறகு இரவில்தான் வகுப்பு. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்றால் பஸ் கிடையாது, இருந்தாலும் அந்த நேரத்துக்கு வராது. ஆகவே அ, ஆவோடு சைக்கிளும் பாடத்தில் சேர்ந்தது.

1992 மார்ச் 8ஆம் தேதி, உலக மகளிர் தினத்தன்று, கைப்பிடியில் கொடி கட்டிய 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். பொது இடங்களில் நடந்த போட்டிகளிலும் காட்சிகளிலும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். பார் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம், அதுவே வசதி என்று சொன்னவர்களும் உண்டு.

என் அம்மா அந்த அலையில் கற்றவர். பள்ளிக்கூட மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், வாடகைச் சைக்கிளில். ஒருத்தி சீட்டைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு கற்றார். அப்போது எனக்கு 13 வயது. அம்மா விழுவதைப் பார்த்து நான் சிரித்தேன்; ஆனால் அதற்கு முன்பு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களின் புகைப்படங்களை இன்று பார்த்தால் எல்லாவற்றிலும் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கிறது. முந்தானையை இழுத்துச் செருகிய பெண்கள், பின்னால் புழுதி. வேலை முடிந்த பிறகு அந்தச் சைக்கிள்கள் எங்கே போயின? பல வாடகைக் கடைக்குத் திரும்பின. பல அண்ணனிடமும் அப்பாவிடமும் புருசனிடமும் திரும்பின. ஓட்டுவது ஒரு மாலையில் கைவந்துவிடும். நாளைக்குக் காலையில் எழுந்து பார்க்கும்போது அது வைத்த இடத்தில் இருக்குமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கான பதில்தான் பூட்டு.

பூண், பூட்டு

தமிழ் வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தும்போது மூன்று இணைகளைக் கரும்பலகையில் எழுதுவேன். காண் – காட்டு. உண் – ஊட்டு. பூண் – பூட்டு. தானே அணிந்துகொண்டால் பூணுதல். இன்னொருவர் அணிவித்தால் பூட்டுதல். அங்கிருந்து அந்தச் சொல் எங்கெல்லாம் போகிறது என்று மாணவிகளிடம் கேட்டால் அடுக்கிக்கொண்டே போவார்கள். மாட்டை ஏரில் பூட்டுகிறோம். வண்டி பூட்டுகிறோம். கைக்கு விலங்கு பூட்டுகிறார்கள். வில்லில் நாண் பூட்டுகிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கு நகை பூட்டுகிறார்கள். எங்களுக்கு அடுத்திருக்கும் செட்டிநாட்டில் தாலி கட்டுவதையே திருப்பூட்டுதல் என்பார்கள்.

இந்தத் தொடர்களில் பெண் எங்கே நிற்கிறாள்? பெரும்பாலும் செயப்படுபொருளாக. அவளுக்குப் பூட்டுவார்கள், அவளை வைத்துப் பூட்டுவார்கள். அவள் எதையாவது பூட்டினாள் என்றால் அது வீட்டுக் கதவும் அரிசிப் பெட்டியும்தான். அந்தக் கொத்துச்சாவியும் மாமியார் இடுப்பிலிருந்து இறங்கி வர 20 வருடம் ஆகும்.

பயணத்தோடு இந்தச் சொல்லுக்கு இன்னோர் உறவும் உண்டு. சைக்கிளுக்கு முந்திய காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பெண் வெளியே போக வேண்டும் என்றால் "வண்டியைப் பூட்டச் சொல்லு" என்பாள். ஒரு ஆண் வந்து மாட்டைப் பூட்டினால்தான் அவள் பயணம் தொடங்கும். அவன் வரவில்லை என்றால் பயணம் இல்லை. சைக்கிளில் இது தலைகீழ். பூட்டைத் திறந்தால் பயணம் தொடங்கும், அதற்கு அவள் கையே போதும், சாவி அவளிடம் இருந்தால்.

யார் வீட்டுச் சைக்கிள்?

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த சைக்கிள் அம்மாவோடு வந்தது. 1977இல் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு பவுன் மோதிரம், ஒரு கைக்கடிகாரம், ஒரு சைக்கிள் என்று பேச்சு. அந்தக் காலத்தில் பல ஊர்களில் இதே பட்டியல்தான். அம்மாயி ஒரு கறவை மாட்டை விற்றுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். சைக்கிளுக்கு அப்பா தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். பின்சக்கரத்துப் பூட்டின் சாவி அவர் அரைஞாணில் தொங்கும். 15 வருடம் அம்மா அந்தச் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து திருவிழாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தார். தன் அம்மா மாடு விற்று வாங்கிய வண்டி அது என்று அவர் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படிச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியதா என்றே தெரியவில்லை.

விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படம் 1948இல் வந்தது. நம்மில் பலரும் பார்த்திருப்போம். போருக்குப் பிந்திய ரோம் நகரத்தில் அன்டோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை, அதுவோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா கட்டிலில் விரித்திருந்த விரிப்புகளை உருவுகிறாள். அவள் சீராகக் கொண்டுவந்த விரிப்புகள். அவற்றை அடகுக்கடையில் கொடுத்துத்தான் சைக்கிளை மீட்கிறார்கள். கடைக்காரர் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறார், கூரை வரைக்கும் மற்றவர்களின் விரிப்புகள் அடுக்கியிருக்கின்றன. வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. படம் முடியும்வரை நாம் அன்டோனியோவுக்காகவும் அவன் மகனுக்காகவும் கலங்குகிறோம். மரியாவோ படத்தின் தொடக்கத்திலேயே பின்னால் போய்விடுகிறாள். அந்தச் சைக்கிளில் பாதிக்கு மேல் அவளுடையது என்பது எனக்கு மூன்றாம் முறை பார்த்தபோதுதான் உறைத்தது. எங்கள் அம்மாயியின் மாடும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பெண் சம்பாதித்தாலும், கொண்டுவந்தாலும் பொருள் அவளுடையது ஆகிவிடாது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முழுமையாக வந்தது. நாம் இன்று ஓட்டும் சைக்கிளின் முன்னோடியான, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள 'சேஃப்டி' சைக்கிள் 1885இல் அங்கே கடைக்கு வந்தது. அதாவது, அந்நாட்டுப் பெண்கள் சைக்கிளில் ஏறிய காலத்தில் அதைத் தன்னுடையது என்று சொல்லவும் சட்டம் இடம் கொடுத்திருந்தது. நம் ஊரில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்ற சட்டம் 1989இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதிக்கு முன்பே மணமாகிவிட்ட மகளுக்கு அதில் இடமில்லை. 1977இல் மணமான அம்மாவுக்கு அம்மாயி வீட்டு நிலத்தில் ஒன்றுமில்லை. 1992இல் அவர் வாங்கிய பழைய லேடீஸ் சைக்கிள்தான் அவர் வாழ்க்கையில் தனக்கென்று வாங்கிய முதல் சொத்து.

ரசீது

அதை அவர் சீட்டுப் பணத்தில் வாங்கினார். 450 ரூபாய். நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டார். அம்மா சொன்னார். அவர் எழுதினார். அவ்வளவுதான். இரண்டு பேரும் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. பணம் அம்மாவுடையது, ரசீது அப்பா பெயரில்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ரசீது சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. சைக்கிளின் சாவி திண்ணைக்கு மேல் ஆணியில் தொங்கியது. ஆணியில் தொங்கும் சாவி யாருடையதும் இல்லை. அதாவது, வீட்டு ஆண்கள் எல்லோருடையதும். அப்பாவின் சைக்கிளில் காற்று இல்லையென்றால் அம்மா சைக்கிள். சித்தப்பாவுக்கு டவுனுக்குப் போக வேண்டுமா, அம்மா சைக்கிள். சாவி இல்லாவிட்டாலும் பெரிய தடையில்லை. அந்த வளையப் பூட்டுகளை வேறொரு சைக்கிள் சாவியோ வளைத்த கம்பியோ திறந்துவிடும். அதுவும் முடியாவிட்டால் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே போகலாம்.

ஒரு மாதத்தில் மூன்று முறை அம்மா காலையில் எழுந்து பார்க்கும்போது சைக்கிள் இல்லை. 5 கிலோமீட்டர் நடந்து போயிருக்கிறார். கதவு திறக்காத பால்வாடி வாசலில் பிள்ளைகள் வெயிலில் நின்றிருக்கின்றன. மூன்றாம் முறை ஆய்வுக்கு வந்த அதிகாரி எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். அன்று சாயங்காலம் அம்மா யாரோடும் பேசவில்லை. அந்த வாரச் சந்தையில் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கி வந்தார். நாங்கள் விற்றுவிட்ட மாட்டின் சங்கிலி தொழுவத்தில் கிடந்தது. அதைக் கழுவி, எண்ணெய் போட்டு, சைக்கிளின் பெயின்ட் போகாமல் இருக்கப் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினார். சைக்கிளைத் திண்ணைத் தூணோடு சேர்த்துக் கட்டிப் பூட்டினார்.

திண்டுக்கல் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கையால் அராவிச் செய்வது. உள்ளே லீவர்கள் அடுக்கியிருக்கும், சாவியின் பல் ஒவ்வொன்றையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டைத் திறக்காது என்பதே அந்த ஊர்த் தொழிலுக்குப் பேர் வாங்கித் தந்தது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயிலுக்கும் கிடங்குக்கும் வாங்கும் பூட்டை அம்மா ஒரு பழைய சைக்கிளுக்குப் போட்டார்.

அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "வீட்டுக்குள்ளயா திருடன் இருக்கான்? கட்டுன புருசன் எடுத்துருவான்னு பூட்டுறியாக்கும்?" என்று கேட்டார்.

"திருடனுக்காகப் பூட்டல அத்தை. கேக்காம எடுக்குறவுகளுக்காகப் பூட்டுறேன்" என்றார் அம்மா.

சாவியை ஊக்கில் கோர்த்துத் தாலிக்கயிற்றில் மாட்டிக்கொண்டார். எங்கள் ஊரில் பெண்கள் சின்னச் சாவிகளை அங்கேதான் வைப்பார்கள். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றாத இடம் அது ஒன்றுதான்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "இந்தா, அந்தச் சாவியக் குடு. அன்னவாசல் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்."

அம்மா திரும்பாமலே கேட்டார்: "எத்தன மணிக்கு வருவீக?"

"நாலு மணிக்கு."

அம்மா ஊக்கைக் கழற்றிச் சாவியைக் கொடுத்தார். அப்பா நாலு மணிக்கு முன்பே வந்துவிட்டார். சைக்கிளைத் தூணில் சாய்த்து, சங்கிலியைச் சுற்றி, பூட்டி, சாவியை அம்மா கையில் கொடுத்தார். அதுவரை எங்கள் வீட்டில் அப்பா எதையும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. அவர் கெட்டவர் இல்லை, அம்மாவை அடித்தவரும் இல்லை. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு அதுவரை வந்ததில்லை, அவ்வளவுதான். ரசீதில் இல்லாத பெயரை அந்தப் பூட்டு எழுதிக் காட்டியது.

பூட்டோடு இரண்டு சாவி வந்தது. இரண்டாவதை அம்மா என்னிடம் கொடுத்தார். ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். ஒருநாள் சித்தப்பா அவசரம் என்று கேட்க, எடுத்துக் கொடுத்துவிட்டேன். அம்மா அன்றும் நடந்துதான் போனார். என்னைத் திட்டவில்லை. கையை நீட்டினார், நான் சாவியைக் கொடுத்தேன். 1996இல் கல்லூரியில் சேர்ந்து அதே சைக்கிளை நான் ஓட்டத் தொடங்கிய அன்றுதான் அது மறுபடியும் என் கைக்கு வந்தது.

எந்தக் கனம், யாருடைய கனம்

அமெரிக்க சைக்கிள்காரர்களிடம் ஒரு பழைய வேடிக்கைக் கணக்கு உண்டு. எல்லாச் சைக்கிளும் கடைசியில் ஒரே எடைதான் என்பார்கள். விலை உயர்ந்த, இலேசான சைக்கிளுக்குக் கனமான பூட்டு வேண்டும். மட்டமான, கனமான சைக்கிளுக்குச் சின்னப் பூட்டு போதும். எல்லாவற்றையும்விடக் கனமான ஓட்டைச் சைக்கிளுக்குப் பூட்டே வேண்டாம். பொருளின் விலைக்கு ஏற்ற பூட்டு என்பதுதான் அந்தக் கணக்கு. அதன்படி பார்த்தால் அம்மாவின் சைக்கிளுக்குப் பூட்டே தேவையில்லை. 450 ரூபாய்க்கு வாங்கிய பழைய வண்டி. அவர் பூட்டியது வண்டியின் விலையை அல்ல. நாளைக் காலை 8 மணிக்கு அது தனக்கு வேண்டும் என்ற உறுதியை.

அதே கேரியரில் அம்மா இரண்டு பிளாஸ்டிக் குடங்களைக் கட்டித் தண்ணீர் கொண்டுவருவார். ஒரு குடம் 15 லிட்டர். இரண்டும் சேர்ந்தால் 30 கிலோ. மாதத்தில் ஒருநாள் ரேஷன் அரிசி, 20 கிலோ. அறுப்பு நாளில் புல்லுக்கட்டு. இதையெல்லாம் பார்த்து "கனமா இல்லையா?" என்று ஒருவரும் கேட்டதில்லை. சங்கிலியைப் பார்த்துத்தான் கேட்டார்கள். குடத்தின் கனம் வீட்டுக்காக. அரிசியின் கனம் வீட்டுக்காக. அந்த 2 கிலோ 400 கிராம் மட்டும்தான் அவர் தனக்காகச் சுமந்தது. அதனால்தான் அது எல்லோர் கண்ணுக்கும் கனமாகப் பட்டது.

ஆனாலும் அந்தக் கனத்தைக் கொண்டாட எனக்கு மனமில்லை. வீட்டுக்கு வெளியே அது ஒரு வரி. தாலுகா அலுவலகத்துக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் சைக்கிளை நிறுத்த இடமில்லை, வேப்பமரத்தோடு கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டிவிட்டுப் போனாலும் பெண் ஓட்டும் சைக்கிள் என்று தெரிந்தால் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள், வால்டியூபைக் கழற்றி எறிந்துவிடுவார்கள், சீட்டை பிளேடால் கிழித்துவிடுவார்கள். இதற்கு எந்த ஊர்ப் பூட்டும் உதவாது. அம்மா முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு வால்டியூப் வைத்திருப்பார். பஸ்ஸில் போகும் நாங்கள் ஊக்கு வைத்திருந்தோம். இன்று என் மாணவிகள் வேறு எதையோ வைத்திருக்கிறார்கள். வெளியே போகும் பெண் தன்னோடு சேர்த்து எச்சரிக்கையையும் சுமந்துகொண்டே போக வேண்டும் என்பது மாறவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள்கள் நிறுத்த ஒரே கூடம் கட்டியிருக்கிறார்கள். சைக்கிளைப் பார்த்துக்கொள்வது ஊரின் வேலையாகும்போது ஓட்டுபவரின் கேரியரில் கனம் குறைகிறது. புதுக்கோட்டையில் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தோம். எங்கே நிறுத்துவது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டோம்.

எண்ணியதும் எண்ணாததும்

2001–02இல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அந்தத் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் கூடியது என்றும், அந்தச் சேர்க்கையில் ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் கணக்கிட்டார்கள். ஒரு சைக்கிள் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2001இலும் 2011இலும் வீட்டில் சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டது. 2011இல் இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதம் இருக்கிறது என்றன. அந்தக் கேள்வி குடும்பத்தைப் பார்த்துக் கேட்கப்படுகிறது. குடும்பத்தில் யார் கையில் என்பது அந்தக் கட்டத்துக்குள் வராது. கடைக்காரர் "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாமும் எத்தனை பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்ற எண்ணைத்தான் பெருமையாகச் சொல்லிவருகிறோம். எத்தனை பேரிடம் சாவி இருந்தது என்று கேட்டுப் பழகவில்லை.

நன்னூலில் பூட்டுவிற் பொருள்கோள் என்று ஒன்று உண்டு. பாட்டின் கடைசிச் சொல்லைக் கொண்டுவந்து முதல் சொல்லோடு சேர்த்தால்தான் பொருள் விளங்கும். நாண் பூட்டிய வில்லைப் போல இரு முனையும் சேர வேண்டும். போன பருவத்தில் அதை நடத்திக்கொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ பூட்டுக்கும், பூட்டிலிருந்து சைக்கிளுக்கும் போய்விட்டது. பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள் வாங்கியவர்கள் கை தூக்குங்கள் என்றேன். வகுப்பில் பாதிக்கு மேல் தூக்கினார்கள். சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டேன். சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஆணியில், டிவிக்கு மேலே, அப்பா சட்டையில், தம்பியிடம். முன்வரிசையில் உட்காரும் ஒரு பெண் இன்னும் அந்தச் சைக்கிளில்தான் பஸ் நிறுத்தம் வரை வருகிறாள்.

"எங்க வீட்ல அப்படி இல்ல மிஸ். எங்கிட்ட ஒரு சாவி, அண்ணங்கிட்ட ஒரு சாவி" என்றாள்.

"அண்ணன் எடுக்குறப்ப உன்னக் கேப்பானா?"

கொஞ்சம் யோசித்தாள். "கேக்க மாட்டான் மிஸ். நான் எடுக்குறதுன்னாத்தான் கேக்கணும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இப்போது முட்டிவலி, சைக்கிள் ஓட்டி வெகுநாளாகிறது. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்த பிறகு பரணைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அந்தச் சங்கிலிய அந்தப் புள்ளைக்கிக் குடுத்துரு. எண்ணெ போட்டுக் குடு, பூட்டு இறுகிப்போயிருக்கும். ரெண்டு சாவியையும் அவ கையிலயே குடு."